சுயபதிப்பு நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி: புத்தகத்தை ஏற்பதில் தொடங்கி பதிவிட்ட பிறகு வரை

பதிப்பகம் வெளியிட்டதோ, எழுதியவரே வெளியிட்டதோ, நாவல் நாவல்தானே, மதிப்புரையும் ஒன்றுதானே என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். நாலைந்து புத்தகம் தாண்டியதும்தான் வித்தியாசம் உறைத்தது. பதிப்பகப் புத்தகம் நம் கைக்கு வருவதற்குள் எடிட்டர், மெய்ப்பு பார்ப்பவர், வடிவமைப்பாளர் என்று சிலர் அதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்திருப்பார்கள். சுயபதிப்பில் அவர்கள் எல்லோரும் இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் போகலாம். இல்லாத இடத்தில், காலியாகக் கிடக்கும் எடிட்டர் நாற்காலியில் மதிப்புரையாளர் தன்னையறியாமல் போய் உட்கார்ந்துவிடுகிறார். புதியவர்கள் தடுமாறுவதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் செய்து கொடுக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிதாக ஒன்றும் வேண்டாம். மின்னூல் படிக்க ஒரு கருவி அல்லது செயலி, ஒரு குறிப்பேடு, வந்த கோரிக்கைகளைப் பதிந்து வைக்க ஓர் அட்டவணை. அட்டவணையில் புத்தகப் பெயர், எப்படி வந்தது, எந்தத் தேதியில் வந்தது, ஏற்றீர்களா, எங்கே பதிவிட்டீர்கள் என்று ஐந்து கட்டம் போதும். பத்துப் புத்தகம் சேர்ந்ததும் எது யார் அனுப்பியது, எது நீங்களே வாங்கியது என்பது மறந்துபோகும். அது மறக்கக் கூடாத விஷயம். ஏன் என்று மூன்றாம் படியில் வரும்.

1. உங்கள் விதிகளை முதல் கோரிக்கை வரும் முன்பே எழுதி வையுங்கள்

எந்த வகைக் கதைகளைப் படிப்பீர்கள், எதைத் தொடமாட்டீர்கள், எவ்வளவு நாள் ஆகும், பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள். இந்த நான்கையும் அரைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோரிக்கை வந்த பிறகு முடிவெடுத்தால் அது அந்த ஆளுக்காக எடுத்த முடிவாகிவிடும். “மூன்று வருட உழைப்பு, நீங்கள் படித்தால் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கும்போது, பேய்க்கதை எனக்கு ஒத்துவராது என்று சொல்ல வாய் வராது. ஏற்கெனவே எழுதிய விதி இருந்தால் அதை அனுப்பிவிட்டு நகரலாம். அவருக்கும் மனக்கசப்பு இராது.

விதிகளில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வரி: “புத்தகத்தைப் பெற்றுக்கொள்வது மதிப்புரை எழுதுவேன் என்ற வாக்குறுதி அல்ல.” இதை விட்டவர்கள்தான் பிடிக்காத நாவலைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து, அந்த எரிச்சலை மதிப்புரையில் கொட்டுகிறார்கள்.

2. சாம்பிளைப் படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்

மின்னூல் கடைகளில் தொடக்கப் பகுதியை இலவசமாகப் படிக்கலாம். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் இது பொதுவாக முதல் பத்து சதவீதம் அளவுக்கு இருக்கும். அதைப் படியுங்கள். பின்னட்டைக் குறிப்பையோ ஆசிரியரின் மின்னஞ்சலையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். நாவலை நன்றாக எழுதும் பலருக்குப் பின்னட்டைக் குறிப்பு வராது. அதன் மறுபக்கமும் உண்டு.

சாம்பிளில் இரண்டே கேள்வி. இந்த நடையோடு முந்நூறு பக்கம் உங்களால் போக முடியுமா? இது தொடரின் எத்தனையாவது பாகம்? இரண்டாம் கேள்வியைக் கேட்காமல் ஏற்று, மூன்றாம் பாகத்தில் நடுவழியில் இறங்கி, “யார் யார் என்றே புரியவில்லை” என்று எழுதிய மதிப்புரைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறை புத்தகத்தின்மேல் ஏறக் கூடாது.

சாம்பிளிலேயே கதை உங்களுக்கானது அல்ல என்று தெரிந்தால் இரண்டு வரியில் மறுத்துவிடுங்கள். காரணப் பட்டியல் வேண்டாம். கேட்காத இடத்தில் சொல்லப்படும் காரணம் விவாதத்தைத்தான் வரவழைக்கும்.

3. உங்களுக்கும் ஆசிரியருக்கும் என்ன தொடர்பு என்று எழுதி வையுங்கள்

படிக்கத் தொடங்கும் முன் அட்டவணையில் குறித்துவிடுங்கள்: வாங்கியதா, கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் எடுத்ததா, ஆசிரியர் கொடுத்த இலவசப் பிரதியா, ஆசிரியர் தெரிந்தவரா.

அமேசானில் நூலாசிரியர்கள் இலவசப் பிரதி கொடுக்கலாம். ஆனால் பதிலுக்கு மதிப்புரை கேட்கவோ அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவோ கூடாது. ஆசிரியரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் அங்கே வாடிக்கையாளர் மதிப்புரை எழுதக் கூடாது. பணம், பரிசு, “நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்” என்ற பண்டமாற்று எதற்கும் அனுமதியில்லை. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன் போலி மதிப்புரைகளையும் விலைக்கு வாங்கிய பாராட்டுகளையும் தடுக்கும் தனி விதியை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சுயபதிப்பு உலகத்தில் பண்டமாற்றுதான் பெரிய பொறி. உங்களிடம் மதிப்புரை கேட்பவர் பெரும்பாலும் எழுத்தாளர். மதிப்புரை எழுதும் பலரும் எழுத்தாளர்கள். “உங்க நாவலை நேத்துதான் படிச்சேன், அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்” என்று தொடங்கும் செய்தி வந்தால் அதன் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது அவருடைய புத்தகத்தை ஏற்காதீர்கள். பிடித்திருந்தாலும் ஏற்காதீர்கள். நேர்மையாகவே ஐந்து ஸ்டார் போட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கொடுக்கல் வாங்கல்தான்.

இலவசப் பிரதி என்றால் மதிப்புரையில் ஒரு வரி போதும்: “ஆசிரியர் அனுப்பிய இலவசப் பிரதியைப் படித்து எழுதியது.” தொடக்கத்திலோ முடிவிலோ, கண்ணில் படும் இடத்தில்.

இன்னொன்று. ஆசிரியர் அனுப்பிய கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். அமேசானின் சுயபதிப்புத் தளம் கேடிபி. அதன் செலக்ட் திட்டத்தில் சேர்ந்த மின்னூல் 90 நாள் தவணைக்காலத்தில் மற்ற கடைகளிலோ தளங்களிலோ மின்வடிவில் கிடைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நீங்கள் நல்லெண்ணத்தோடு ஒரு வாட்ஸப் குழுவில் போட்ட கோப்பு அவருக்குத் தலைவலியாகத் திரும்பலாம்.

4. எந்தப் பிரதி உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

சுயபதிப்பில் அதிகம் வரும் சிக்கல் இது, என்னை ஒருமுறை நன்றாகக் கடித்தது. ஒரு நாவலில் இரு அத்தியாயங்கள் இடம்மாறி இருந்தன. அதை மதிப்புரையில் எழுதினேன். பதிவிட்ட மறுவாரம் வாசகர் ஒருவர், “புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லையே, படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா?” என்று கேட்டார். ஆசிரியர் நான் எழுதுவதற்கு முன்பே கோப்பைத் திருத்திப் பதிவேற்றியிருந்தார். என்னிடம் இருந்தது பழைய கோப்பு. பொய் சொன்னவனாக நின்றேன்.

கேடிபியில் வெளியான மின்னூலை ஆசிரியர் எப்போது வேண்டுமானாலும் திருத்தி மீண்டும் ஏற்றலாம். ஏற்கெனவே வாங்கியவரின் கருவிக்குப் புதிய கோப்பு தானாக வந்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால்:

– பிரதி கிடைத்த தேதியைக் குறியுங்கள்.
– முன்வாசிப்புப் பிரதியா (வெளியீட்டுக்கு முன் படிக்கக் கொடுப்பது), விற்பனைக்கு வந்த பிரதியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
– மின்னூலா, அச்சா என்பதை மதிப்புரையில் சொல்லுங்கள். ஒரே நாவலின் மின்னூலில் பத்திகள் சிதறியிருக்கும், அச்சில் ஒழுங்காக இருக்கும்.

அச்சுப் புத்தகத்தின் பதிப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் “தனிவெளியீடு” என்ற பொருளில் “Independently published” என்று மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். கேடிபி இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை (நூலின் அடையாள எண்) பயன்படுத்தினால் அப்படித்தான் வரும். கிண்டில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமே இல்லை. இவற்றை வைத்துப் புத்தகத்தின் தரத்தை எடைபோட ஒன்றுமில்லை.

5. முதல் வாசிப்பில் குறி மட்டும் போடுங்கள், கருத்து எழுதாதீர்கள்

புதியவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே நோட்டை விரித்துவிடுகிறார்கள். “இங்கே விவரணை அதிகம்”, “இந்த வசனம் செயற்கை” என்று ஓரத்தில் எழுத ஆரம்பித்ததுமே வாசிப்பு நின்று திருத்தம் தொடங்கிவிடுகிறது. கதை உங்களை இழுத்துப்போகும் வாய்ப்பை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

நான் நான்கு குறியோடு நிறுத்திக்கொள்கிறேன். பிடித்துப்போன இடத்துக்கு +, வாசிப்பு அறுந்த இடத்துக்கு –, புரியாததற்கு ?, மெய்ப்புப் பிழைக்கு ஒரு புள்ளி. கிண்டிலில் ஹைலைட் செய்து நோட்டில் அந்தக் குறியை மட்டும் போட்டால் போதும். எல்லாம் பிறகு ஒரே இடத்தில் பட்டியலாகக் கிடைக்கும். அச்சுப் பிரதி என்றால் பென்சில். பக்க எண் இல்லாத மின்னூலில் கிண்டில் காட்டும் லொக்கேஷன் (இட) எண்ணையோ அத்தியாய எண்ணையோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தளவை மாற்றினால் திரையில் தெரியும் பக்கமும் மாறும், அந்த எண்களை நம்பிப் பயனில்லை.

கேள்விக்குறி போட்ட இடங்களைக் கவனமாக வையுங்கள். நாற்பதாம் பக்கத்தில் பிழை என்று தோன்றியது இருநூறாம் பக்கத்தில் திட்டமிட்ட விதையாக முளைக்கலாம். நாவல் முடிந்தும் அந்தக் கேள்விக்குறி நின்றால்தான் அது குறை.

ஒன்றைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவது நல்லது: இது நாவலாகவே எழுதப்பட்டதா, வாரத் தொடராக இணையத்தில் எழுதிப் பிறகு தொகுத்ததா? தொடராக எழுதியதில் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு திடுக் இருக்கும், அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் முன்கதை மறுபடி வரும். வாரம் ஒருமுறை படித்தவருக்கு அது உதவி. ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சலிப்பு. “திரும்பத் திரும்பச் சொல்கிறார்” என்று மட்டும் எழுதாமல், தொடர் வடிவம் களையப்படாமல் நூலாகியிருக்கிறது என்று எழுதினால் வாசகருக்கும் புரியும், ஆசிரியருக்கும் அடுத்த நூலில் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

பாதியில் விட்டுவிட்டால்? விடலாம். எவ்வளவு படித்தீர்கள் என்று சொல்லிவிட்டு, படித்த அளவைப் பற்றி மட்டும் எழுதுங்கள், ஸ்டார் போடாதீர்கள். இல்லையென்றால் எழுதாமலே விடுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன். முடிவை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு முழுதும் படித்ததுபோல் எழுதினால், படித்தவர்கள் இரண்டாவது பத்தியிலேயே பிடித்துவிடுவார்கள்.

6. குறிகளை இரண்டு தாளாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் தாள் கதைக்கு. பாத்திரங்கள், நிகழ்வுகளின் கோவை, நடை, முடிவு, யார் கண்வழியாகக் கதை நகர்கிறது என்பதெல்லாம் இங்கே. இரண்டாம் தாள் தயாரிப்புக்கு. எழுத்துப்பிழை, பத்தி உடைப்பு, அட்டைப்படம், கோப்புக் கோளாறு எல்லாம் அங்கே. முதல் தாள் வாசகருக்காக, மதிப்புரைக்குள் போகும். இரண்டாம் தாளிலிருந்து மதிப்புரைக்குள் போவது ஓரிரு வரிதான். மற்றதெல்லாம் ஆசிரியருக்கு, அதுவும் அவர் கேட்டால்.

ஏன் பிரிக்க வேண்டும்? பிழைகள் எண்ண எளிது, கதையைப் பற்றிச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் கை எளியதைத்தான் எடுக்கும். நாற்பது எழுத்துப்பிழையைப் பட்டியலிட்டு, கதையைப் பற்றி “நன்று” என்று ஒரு சொல்லோடு முடியும் மதிப்புரைகள் அப்படிப் பிறந்தவைதான். இந்த நாவலில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அறிய வந்த வாசகர் அதைப் படித்து என்ன முடிவெடுப்பார்?

இரண்டாம் தாளிலும் ஒரு பாகுபாடு வேண்டும். எழுதியவரின் பிழை வேறு, கோப்பின் பிழை வேறு. தமிழ் மின்னூல்களில் இதைப் பிரித்தறிவது அவசியம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போது, எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு தனியாகப் பிரிந்து புள்ளிவட்டத்தோடு நின்றுவிடும். “கொடு” என்பது “ெகாடு” என்று தெரியும். ஒரு பக்கத்தில் இருந்தால் எல்லாப் பக்கத்திலும் இருக்கும். இது ஆசிரியருக்குத் தமிழ் தெரியாததால் வந்ததல்ல, மாற்றும் கருவியின் வேலை. உங்கள் செயலியின் கோளாறாகவும் இருக்கலாம். குறை சொல்லும் முன் வேறொரு கருவியில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஆனால் “பறவை” எல்லா இடத்திலும் “பரவை” என்று இருந்தால், வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் தலைகீழாக இருந்தால், ஒரே பாத்திரத்தின் பேச்சு ஒரு வரியில் “போயிட்டு வரேன்” என்றும் அடுத்த வரியில் “சென்று வருகிறேன்” என்றும் மாறினால், அது எழுத்தின் பொறுப்பு. கடைசியாகச் சொன்னது மெய்ப்புப் பிழைகூட அல்ல. பாத்திரத்தின் குரலைப் பற்றியது. அதை முதல் தாளுக்கு மாற்றுங்கள். அதேபோல், மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோன சித்தப்பா பதினோராம் அத்தியாயத்தில் தொலைபேசியில் பேசினால் அதுவும் முதல் தாள்தான்.

பிழை அளவை எப்படிச் சொல்வது? “ஏகப்பட்ட பிழைகள்” என்பது ஒன்றும் சொல்லாத வாக்கியம். தொடக்கம், நடு, இறுதி என்று மூன்று இடத்தில் பத்துப் பத்துப் பக்கம் எடுத்து எண்ணுங்கள். தொடக்கத்தை மட்டும் எண்ணாதீர்கள். முதல் அத்தியாயங்களை எல்லோரும் நாலைந்து முறை திருத்தியிருப்பார்கள், அலுப்பு நடுவில்தான் தெரியும். எண்ணி முடித்ததும் ஒரே கேள்வி: இது வாசிப்பை நிறுத்தியதா? நிறுத்தவில்லை என்றால் மதிப்புரையில் அதற்கு இடமே வேண்டாம். நிறுத்தியது என்றால் ஒரே வாக்கியம்: “நடுப்பகுதியில் பக்கத்துக்கு மூன்று நான்கு பிழைகள் கண்ணில் இடறுகின்றன, பொருட்படுத்துபவர்கள் சாம்பிளோடு நிறுத்தாமல் யோசித்து வாங்குங்கள்.” அவ்வளவுதான்.

7. இரண்டு நாள் ஆறப்போடுங்கள்

முடித்த இரவே எழுதினால் கடைசி அத்தியாயம்தான் மதிப்புரையில் இருக்கும். முடிவு சொதப்பினால் முந்நூறு பக்கமும் சொதப்பல், முடிவு அழவைத்தால் எல்லாமே காவியம். இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைத் திறக்காமல் எது நினைவில் நிற்கிறது என்று பாருங்கள். நிற்பதைப் பற்றி எழுதுங்கள்.

8. எழுதும் வரிசை

முதலில் இது எந்த மாதிரிக் கதை என்று ஓரிரு வாக்கியம். அடுத்து தொடக்கச் சூழல். நாவலின் முதல் கால் பகுதியைத் தாண்டாதீர்கள். பிறகு எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியைக் காட்டி. கடைசியில் இது யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை நாவலை வைத்துக்கொள்வோம். கலங்கரை விளக்கக் காவலர் காணாமல் போகிறார், தங்கை தேடி வருகிறாள். புதியவர் எழுதும் மதிப்புரை இப்படி இருக்கும்:

“கதை விறுவிறுப்பு. ஆனால் கேரக்டர்களில் ஆழம் இல்லை. நிறைய எழுத்துப்பிழைகள். இரண்டாம் பாதியில் தொய்வு. மொத்தத்தில் ஒருமுறை படிக்கலாம்.”

இதில் எந்த வரியையும் எந்த நாவலுக்கும் ஒட்டலாம். அதே கருத்துகளைப் புத்தகத்துக்குள் நின்று சொன்னால்:

“காணாமல்போன அண்ணனைத் தேடித் தீவுக்கு வருகிறாள் ஒருத்தி. தேடல் கதைதான், ஆனால் துப்பறியும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். இது காத்திருப்பவர்களைப் பற்றியது. அண்ணனின் பதிவேட்டை அவள் புரட்டும் காட்சி மனதில் நிற்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் ‘விளக்கு ஏற்றப்பட்டது’ என்று ஒரே வரி. ஒரு தேதியில் மட்டும் அது இல்லை. விளக்கம் ஏதும் தராமல் அந்த வெற்றுக் கட்டத்தோடு அத்தியாயத்தை முடிக்கிறார் ஆசிரியர். இந்த அடக்கம் கடைசிவரை நீடிக்கவில்லை. படகுக்காரர் ஒருவர் வந்து, நாம் ஏற்கெனவே ஊகித்துவிட்டதையெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசித் தீர்த்துவிடுகிறார்.”

‘ஆழம் இல்லை’, ‘தொய்வு’ என்ற சொற்கள் போய்விட்டன. அவற்றின் இடத்தில் பதிவேடும் படகுக்காரரும் வந்துவிட்டார்கள். பேசித் தீர்ப்பதை விரும்பும் வாசகர்களும் உண்டு; அவர்கள் இதே குறையைப் படித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கலாம். குறையைக் காட்சியோடு சொல்வதில் உள்ள நியாயம் அதுதான்.

வரிகளை மேற்கோள் காட்டினால் சுருக்கமாகக் காட்டுங்கள். முன்வாசிப்புப் பிரதியிலிருந்து எடுத்ததென்றால் விற்பனைப் பிரதியோடு ஒப்பிடுங்கள். அந்த வரியே நீக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டு தொடர்களை மட்டும் எப்போதும் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, “சுயபதிப்பு என்பதால் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.” மற்றது, “சுயபதிப்பு என்றாலும் தரமாக இருக்கிறது.” முதலாவது சலுகை கொடுத்துப் பாராட்டுவது, இரண்டாவது பாராட்டிக்கொண்டே அவமதிப்பது. பணமும் நேரமும் கொடுக்கும் வாசகருக்குப் புத்தகம் எப்படி வந்தது என்பதில் அக்கறை இல்லை.

9. ஸ்பாய்லர்

கதையின் முடிச்சை முன்பே உடைத்துச் சொல்லிவிடுவதுதான் ஸ்பாய்லர். கால் பகுதிக்குப் பிறகு நடப்பது எதுவும் வெளிப்படையாக வேண்டாம். திருப்பத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், வாசகர்கள் மதிப்புரை பதியும் தளமான குட்ரீட்ஸில் குறிப்பிட்ட வரிகளை மட்டும் மறைத்துவைக்கும் வசதி இருக்கிறது. “கடைசியில் எதிர்பாராத ஒரு திருப்பம் உண்டு” என்பதும் பாதி ஸ்பாய்லர்தான். அதைப் படித்தவர் கடைசிவரை அதையே தேடிக்கொண்டிருப்பார்.

10. ஸ்டாரைக் கடைசியில் போடுங்கள்

எழுதும் முன் ஸ்டாரை முடிவு செய்தால் எழுத்து அதற்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும். மூன்று என்று மனதில் வைத்துவிட்டால் குறைத்த இரண்டு ஸ்டாருக்குக் காரணம் தேடித் திரிவீர்கள்.

ஒவ்வொரு தளத்திலும் ஒரே எண்ணுக்கு ஒரே மதிப்பு இல்லை என்பதையும் கவனியுங்கள். குட்ரீட்ஸில் இரண்டு ஸ்டார் என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்தது, நான்கு மிகவும் பிடித்தது, ஐந்து அற்புதம் என்று தளமே பொருள் கொடுத்திருக்கிறது. அதே மூன்றை அமேசானில் போட்டால், அங்கே வருபவர் அதை நல்ல மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. சில மதிப்பீடுகளே உள்ள சுயபதிப்பு நூலில் ஒரு எண் மொத்த மதிப்பையே சாய்த்துவிடும். இதற்காகக் கூட்டிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் அளவுகோல் என்ன என்று ஒருமுறை எழுதி வைத்து, எல்லாப் புத்தகத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். இரக்கப்பட்டுப் போட்ட ஐந்து, அடுத்த முறை நீங்கள் மனதாரப் போடும் ஐந்தின் மதிப்பைத்தான் தின்னும்.

11. பதிவிடும் முன் ஐந்து நிமிடம்

புத்தகத் தலைப்பு, ஆசிரியர் பெயர், பாத்திரப் பெயர்கள் ஆகியவற்றைப் புத்தகத்தைத் திறந்து வைத்துச் சரிபாருங்கள். உங்கள் எழுத்துப்பிழைகளையும். பிழைகளைக் குறை சொல்லும் மதிப்புரையில் ஒரு பிழை இருந்தால் அன்றைக்கு அதுதான் பேச்சு. எனக்கு நடந்திருக்கிறது, “மெய்ப்பு” என்ற சொல்லிலேயே.

இலவசப் பிரதி வரி இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பல தளங்களில் பதிவிட்டால் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.

12. பதிவிட்ட பிறகு

இரண்டாம் தாள் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. ஆசிரியரிடம், “சில மெய்ப்புப் பிழைகள் குறித்து வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?” என்று ஒரு வரி கேளுங்கள். சரி என்றால் அத்தியாயம், இருக்கும் வடிவம், இருக்க வேண்டிய வடிவம் என்று பட்டியலாக அனுப்புங்கள். மின்னூலைத் திருத்தி ஏற்ற முடியும் என்பதால் இந்தப் பட்டியல் உண்மையிலேயே பயன்படும். வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள். கதையை எப்படி மாற்றியிருக்கலாம் என்ற யோசனைகளை இதில் நுழைக்காதீர்கள்; அந்த எடிட்டர் நாற்காலி மறுபடி உங்களை அழைக்கிறது என்று அர்த்தம்.

ஆசிரியர் மதிப்புரைக்கு மறுப்பு எழுதினால், தகவல் பிழை சுட்டிக்காட்டியிருந்தால் மட்டும் திருத்தி, திருத்தியதையும் சொல்லுங்கள். ரசனையைப் பற்றிய மறுப்புக்குப் பதில் தேவையில்லை. ஒரு ஸ்டார் கூட்டச் சொல்லி வரும் கோரிக்கைக்கு உங்கள் விதிகளை அனுப்பினால் போதும்.

இப்போது அடிக்கடி வரும் ஒரு சிக்கல்: “இது ஏஐ எழுதியது மாதிரி இருக்கிறது” என்ற சந்தேகம். கேடிபி 2023 செப்டம்பரிலிருந்து ஏஐ உருவாக்கிய உள்ளடக்கம் இருந்தால் பதிவேற்றும்போது ஆசிரியர் தெரிவிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் அது அமேசானுக்குச் சொல்வது. புத்தகப் பக்கத்தில் வாசகருக்குத் தெரிவதில்லை. ஆகவே உங்களிடம் ஆதாரம் இருக்காது, ஊகம்தான் இருக்கும். ஊகத்தை எழுதாதீர்கள். எல்லா அத்தியாயமும் ஒரே தாளத்தில் முடிகிறது, பாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பதை எழுதுங்கள். அதை மனிதர் எழுதியிருந்தாலும் குறைதான்.

திருத்திய பதிப்பு வந்துவிட்டது, மறுபடி பார்க்க முடியுமா என்று ஆசிரியர் கேட்டால், நீங்கள் குறித்த இடங்களை மட்டும் புதிய கோப்பில் திறந்து பாருங்கள். சரியாகியிருந்தால் பழைய மதிப்புரையை அழிக்காமல், தலையில் தேதியோடு ஒரு வரி சேருங்கள்: “இதில் சொன்ன அத்தியாய வரிசைப் பிழை புதிய கோப்பில் சரிசெய்யப்பட்டிருக்கிறது.” அட்டவணையிலும் குறித்துவிடுங்கள்.